எட்டாவது சொல்

வெண்மேட்டில் காலை ஆறு மணி அடித்ததும் காபி வரும். காபி இயந்திரத்தின் நெற்றியில் ஒரு சின்னப் பலகை எரியும். "இன்றைய நீர்: மூன்றாம் வரிசை, ஏழாம் வரிசை, பதினோராம் வரிசை." அந்த மூன்று வரிசைகளில் குடியிருப்பவர்கள் முந்தின நாள் கழித்த சிறுநீரும், சிந்திய வியர்வையும், பல் தேய்த்துக் கொப்பளித்த தண்ணீரும் வடிகட்டிக் கொதிக்கவைக்கப்பட்டு இன்று காபியாக வந்திருக்கிறது என்று பொருள். யாரும் அதைப் படிப்பதில்லை. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் ஆற்றும்போது காபி அவசரமில்லாமல் இறங்கும். "இன்னிக்கு டிகாக்‌ஷன் கொஞ்சம் தூக்கல்" என்று பாராட்டிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

வெண்மேடு, நிலாவின் தென்முனையில் பனிக்கட்டி தோண்டுகிறவர்களின் குடியிருப்பு. தோண்டியது அத்தனையும் ராக்கெட் எரிபொருளுக்குப் போய்விடும். தோண்டுகிறவர்களுக்கு அவர்கள் குடித்ததே திரும்பி வரும். காற்றும் அப்படித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே காற்று. ஒருவர் விட்ட மூச்சு நாற்பது நிமிடத்தில் எல்லோர் நெஞ்சுக்குள்ளும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். அதைச் சுற்றவிடும் இயந்திர மூளைக்குக் காற்றாளி என்று பெயர்.

காற்றாளிக்குத் தெரியாத மூலக்கூறு இல்லை. எந்தக் குழாயில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று நொடிக்கு நொடி சொல்லும். ஆனால் அதில் எது நாற்றம், எது வாசனை என்பது மட்டும் அதற்கு விளங்கவில்லை. ரோஜாவும் ஒரு மூலக்கூறு, சாக்கடையும் ஒரு மூலக்கூறு. பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு மனித மூக்கு வேண்டியிருந்தது. அந்த மூக்கு வடிவுக்கு இருந்தது. அவள் வெண்மேட்டின் மோப்ப அலுவலர். குடியிருப்பில் மூக்கம்மா என்றால்தான் தெரியும்.

அவளுடைய வேலைக்கு ஒன்பது சொற்கள். ஒன்பதும் ஆங்கிலம். காற்றாளியைச் செய்த நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து, நாற்றத்தின் கடுமை ஏற ஏற வரிசைப்படுத்திய பட்டியல் அது. அன்பிளசன்ட், ஃபவுல், நாஸ்டி, டிஸ்கஸ்டிங், ரிவோல்ட்டிங், ரிபல்சிவ், ரிபக்னன்ட், லோத்சம், அபாமினபிள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நடவடிக்கை. முதல் சொல்லுக்கு விசிறி இரண்டு சுற்று வேகம் கூடும். நாலாவது சொல்லுக்கு அந்த வீட்டுச் சமையலறை ஒரு வாரம் பூட்டப்படும். எட்டாவது சொல்லுக்கு, நாற்றத்தின் மூலம் எதுவோ அது வெளிவட்டத்துக்கு அனுப்பப்படும். வெளிவட்டம் என்பது முதல் தொழிலாளர்கள் தங்கிய பழைய கொட்டகைகள். அழுத்தம் குறைவு, குளிர், பக்கத்திலேயே துளைப்பான் சத்தம். ஒன்பதாவது சொல்லுக்கு மூலம் நேராக வெளியே, காற்றில்லாத நிலாத் தரையில் வீசப்படும். அதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினார்கள். கீரைக்கு உரம் தரும் பாசித்தொட்டிகளில் அழுகிப்போன ஒன்றுக்குச் சொன்னார்கள். ஒரு மூலத்துக்குச் சொன்ன சொல் அதே வகை மூலம் அனைத்துக்கும் பொருந்தும் என்பது விதி. அதனால் நன்றாக இருந்த பதினாறு தொட்டிகளும் சேர்ந்து போயின. மூன்று மாதம் கீரை இல்லை.

நிலாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சென்னையில் ஆறு வாரப் பயிற்சி உண்டு. ரிபல்சிவுக்கும் ரிபக்னன்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே ஒருவர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பார்த்ததும் ஓரடி பின்னால் போகவைப்பது ரிபல்சிவ். பின்னால் போன பிறகும் விடாமல் வெறுக்கவைப்பது ரிபக்னன்ட். லோத்சம் என்றால் வெறுத்தால் மட்டும் போதாது, வெறுப்பது நியாயம் என்றும் தோன்ற வேண்டும். எல்லோரும் உருப்போட்டுத் தேறிவிடுவார்கள். தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. ஒன்பது கேட்டால் தொண்ணூறு கிடைக்கும். ஆனால் "நாறுது" என்று முகத்துக்கு நேரே சொன்னால் விலக்கிவிட நாலு பேர் வேண்டும். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் புகார் மனு. சொன்னவருக்குப் படித்தவர் என்று பெயரும் கிடைக்கும்.

வடிவுக்கு அந்த மூக்கு வந்த கதையை வெண்மேட்டில் யாரும் அறிய மாட்டார்கள். திருநெல்வேலிக்குக் கிழக்கே ஏரல் சந்தையில் அவளுடைய அப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு, இது மூன்று நாள் காய்ந்த சாளை, இது பத்து நாள் காய்ந்த நெய்மீன், இது உப்புக் குறைந்து உள்ளே கெட்டுப்போனது என்று சொல்லிவிடுவாள். மோப்பத் தேர்வில் நாலாயிரம் பேரில் முதலாவதாக வந்தது அந்தப் பழக்கத்தில்தான். நேர்முகத் தேர்வில் இந்த மூக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். வீட்டில் பூ வியாபாரம் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பூ என்றால் தலையாட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வெண்மேட்டில் ஒவ்வொரு கதவிலும் நிர்வாகம் ஒரு பெயர்ப் பலகை மாட்டியிருந்தது. பெயர், சொந்த ஊர். பார்த்ததும் நாலு வார்த்தை பேசிப் பழகட்டும் என்ற நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணக்காரர்கள் நம் ஊரில் வாடகைக்கு வீடு தேடியதில்லை போலிருக்கிறது. சுடலைவடிவு தன் பலகையில் 'எஸ். வடிவு, திருநெல்வேலி' என்று எழுதிக்கொண்டாள். எட்டு வருடமாக யாரிடமும் அவள் ஊர் கேட்டதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இருநூற்றுப் பதினாலாம் எண் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. துளைப்பான் பழுது பார்க்கிற ராயப்பனும், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி செசிலியும். பலகையில் 'ம. ராயப்பன் – செசிலி, அந்தோணித்துறை' என்று இருந்தது. கடலோரத்து மீனவர் ஊர் என்பது பெயரிலேயே தெரிந்தது. மறுநாள் மாலைக்குள் மூன்று வீட்டிலிருந்து மூன்று புகார். மூன்றிலும் ஒரே சொல்: லோத்சம். மீன் வாடையாம். மூன்று புகார் ஒரே சொல்லில் வந்தால் மோப்ப அலுவலர் நேரில் போய் முகர்ந்து உறுதிசெய்ய வேண்டும்.

வடிவு போகும்போது உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாடை மூக்கில் படப்போகிறது. நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது.

செசிலி கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வடிவு மூக்கைத் தூக்கினாள். கஞ்சி. சோப்பு. புதுப் பெயிண்ட். வேறொன்றும் இல்லை. சமையலறை இடுக்கு, கட்டில் அடி, குழாய் வாய் எல்லா இடத்திலும் முகர்ந்தாள். கருவாடு இல்லை என்றதும் அவளுக்குக் கோபம்கூட வந்தது.

"மீன் எதும் சமைச்சீங்களா?"

"மீனுக்கு எங்கக்கா போவேன் இங்க? எங்கம்ம ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு குடுத்து விட்டாவ. ராக்கெட்டுல ஏறும்போதே புடுங்கிட்டானுவ. அதுக்கே ரெண்டு நாளு அழுதேன்." செசிலி நிறுத்தினாள். வடிவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அக்கா பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கே. எந்தப் பக்கம்க்கா நீங்க?"

"திருநெல்வேலி."

"திருநெல்வேலில எங்க?"

"டவுனு," என்ற வடிவு, இன்னும் இரண்டு வீடு பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பார்க்க வேண்டிய வீடு எதுவும் இல்லை.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் நீலமேகம் அவளை அழைத்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். யாரையும் 'வா, போ' என்று சொல்லிக் கேட்டதில்லை. புகார் கொடுத்த மூவரில் அவரும் ஒருவர். மேசையில் ஒரு தட்டில் நீலப் பூசணம் பூத்த பாலாடைக்கட்டி வைத்திருந்தார். பூமியிலிருந்து தனி அனுமதியில் வரவழைப்பது. அறை முழுக்க அது பழைய சாக்குப்பையைப் போல வீசியது. அதில் இருக்கும் மூலக்கூறுகளில் பாதிக்கு மேல் கருவாட்டில் இருப்பவைதான் என்பது வடிவின் மூக்குக்குத் தெரியும். அதைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு வாடையும் இல்லை என்று வடிவு சொன்னாள். நீலமேகம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூன்று படித்த குடும்பத்தார் சேர்ந்து பொய் சொல்வார்களா என்று கேட்டார். வடிவின் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது, சங்கம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் பேச்சோடு பேச்சாக நினைவூட்டினார்.

"நாங்க யாரையும் தப்பா ஒரு வார்த்தை சொல்லல மேடம். லோத்சம்னுதான் சொல்றோம்." பாலாடைக்கட்டியில் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "நீங்க திருநெல்வேலி டவுன்ல எந்தத் தெரு? என் மச்சினன் அங்கதான் பேங்க்ல இருக்கான்."

வடிவு கட்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வாயில் ஒன்று இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

உறுதிசெய்தால் செசிலி அந்த வயிற்றோடு அழுத்தம் குறைந்த வெளிவட்டத்துக்குப் போக வேண்டும். பிள்ளை தங்குமா என்று மருத்துவராலேயே சொல்ல முடியாது. உறுதிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் போகும்; போகிற போக்கில் டவுனில் எந்தத் தெரு என்பதும் கிளறப்படும். இந்த மாதிரி இக்கட்டுக்கு நம் அலுவலகங்களில் நூற்றாண்டுகளாகச் சோதித்துப் பார்த்த மருந்து ஒன்று உண்டு. இல்லை என்றும் சொல்லக் கூடாது, ஆமாம் என்றும் சொல்லக் கூடாது. விசாரணைக்கு உத்தரவிட வேண்டும். கோப்பு எங்காவது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வடிவு புகார்ப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: "மூலம் ஐயத்துக்குரியது. முழுமையாக ஆராய்ந்து கண்டறிக." நீலமேகத்துக்கும் அது பிடித்திருந்தது. கண்ணியமான ஏற்பாடு என்றார்.

இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். காற்றாளி அரசு அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. விசாரணை என்று எழுதினால் விசாரிக்கக் கூடாது என்பது அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, மாதக் கூட்டத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது கூரை ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. காற்றாளி எப்போதும் அச்சடித்த தமிழில்தான் பேசும்.

"மதிப்பிற்குரிய குடியிருப்போரே, இருநூற்றுப் பதினாலாம் எண் வீட்டு நாற்றம் பற்றிய ஆய்வு அறிக்கை வருமாறு. முதற்கட்டமாக, அவ்வீட்டின் காற்று பத்து நாட்கள் பிற வீடுகளுக்குச் செல்லாமல் அடைக்கப்பட்டது. அந்த நாட்களில் அவ்வீட்டைப் பற்றி இருபத்தாறு புகார்கள் வந்தன. இரண்டாம் கட்டமாக, அவ்வீட்டின் காற்று வேறெங்கும் செல்லாமல் செயலாளர் அவர்களின் வீட்டுக்கு மட்டும் செலுத்தப்பட்டது. செயலாளர் அவர்கள் அந்த வாரம் என் பராமரிப்பைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். நன்றி."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். நீலமேகம் கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டார், பத்து நாள் தாமதமாக.

"மூன்றாம் கட்டமாக, அவ்வீட்டின் பெயர்ப் பலகை போன்ற ஒன்று, பன்னிரண்டாம் வரிசையில் பூட்டிக் கிடக்கும் முந்நூற்றொன்றாம் எண் வீட்டுக் கதவில் மாட்டப்பட்டது. மறுநாள் காலை அவ்வீட்டைப் பற்றி ஏழு புகார்கள். நாலு ரிபக்னன்ட், மூன்று லோத்சம். இரவு முழுவதும் வாடையில் தூங்க முடியவில்லை என்று மருத்துவர் குலசேகரன் அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். அவ்வீட்டில் ஆள் இல்லை. சிக்கனம் கருதி இரண்டு ஆண்டுகளாக அதற்குள் காற்றும் இல்லை. எனவே நாற்றத்தின் மூலம் பெயர்ப் பலகை என்று கண்டறியப்படுகிறது. சொல் எட்டு. மூலம் உயிரற்ற பொருள் என்பதால் மோப்ப உறுதி தேவையில்லை. விதிப்படி அவ்வகை மூலம் அனைத்தும் வெளிவட்டத்துக்கு அனுப்பப்படும்."

கூட்டம் முடிந்து வீடு திரும்பியபோது முந்நூற்றுப் பன்னிரண்டு கதவும் மொட்டையாக நின்றன. தூசி துடைக்கும் சிறு எந்திரங்கள் பலகைகளைக் கழற்றி, வண்டியில் அடுக்கி, வெளிவட்டக் கொட்டகையில் குவித்துவிட்டு வந்திருந்தன. நாலு பேர் தப்பான வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் தெரிந்து திரும்பினார்கள்.

இரண்டு நாள் ஒரு புகாரும் இல்லை. வடிவு பதவிக்கு வந்த பிறகு இப்படி ஒரு நாள் விடிந்ததில்லை. உள்ளபடி அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. ஒரு வரி எழுதி ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்றியாயிற்று. தன் கையும் சுத்தம். கோழைத்தனத்துக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைக்கும் என்றால் இன்னும் முன்பே கோழையாக இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காபி வரிசையில் பேச்சு ஆரம்பித்தது. அதுவரை மூக்குக்கு முன்னால் பலகை தொங்கியதால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கேட்டார்கள். சார் எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? பெரிய கோயிலுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா? பதினைந்து வருடமாக ஒரே துளைப்பானில் வேலை பார்த்தவர்கள் அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சந்தித்ததுபோல விசாரித்துக்கொண்டார்கள். பார்க்க மிகவும் அன்பாக இருந்தது. மாலைக்குள் நாற்பத்தோரு புகார்கள். பட்டியலில் அதுவரை தூசி படிந்து கிடந்த ரிவோல்ட்டிங்குக்குக்கூட வேலை வந்தது.

கோப்பு இன்னும் மூடப்படவில்லை. ஆகவே காற்றாளி ஆராய்ந்துகொண்டே இருந்தது.

ஒப்பந்தம் முடிய நாலு நாள் இருக்கையில் நீலமேகம் வடிவை மறுபடி அழைத்தார். தாளை எடுத்து வைத்திருந்தார். பேனா மூடியையும் திறந்து வைத்திருந்தார். இப்போதைய குழப்பத்துக்கு இருநூற்றுப் பதினாலுதான் காரணம் என்றும், வடிவு பழைய புகாரை எளிமையாக உறுதிசெய்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றும் சொன்னார். பிறகு குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார்.

"மச்சினன்கிட்ட உங்களப் பத்தி விசாரிக்கச் சொல்லியிருக்கேன் மேடம். தப்பா இல்ல, ஒரு ஆர்வம்தான். டவுன்ல உங்களத் தெரிஞ்சவங்க யாருமே இல்லங்கறான். சொல்லுங்க, எந்தப் பக்கம் நீங்க?"

வடிவு பதில் சொல்வதற்குள் கூரையிலிருந்து குரல் வந்தது.

"மோப்ப அலுவலர் அவர்களே, இரண்டாவது மூலம் கண்டறியப்பட்டது. பலகைகள் அகற்றப்பட்ட பின் வந்த புகார்கள் அனைத்துக்கும் முந்நூறு நொடிகள் முன்னதாக ஒரே கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. இப்போது கேட்கப்பட்டதும் அதுவே. மூலம் உங்களுக்கு எதிரே மூன்றடி தூரத்தில் நாற்காலியில் இருக்கிறது. முகர்ந்து சொல்லை உறுதிசெய்யவும்."

நீலமேகம் சிரித்தார். இயந்திரம் என்றால் இப்படித்தான், சர்வீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றார். "நமக்குள்ள என்ன மேடம்," என்று பேனாவை எடுத்தார்.

வடிவு சற்றுக் குனிந்து முகர்ந்தாள். பாலாடைக்கட்டியும் பல்பொடியும்தான். அதன் பிறகு அவள் செய்ததை வீரம் என்று சொல்ல முடியாது. அவள் கணக்குப் போட்டாள். இந்த மனிதர் வெளிவட்டத்துக்குப் போனால் மச்சினன் கடிதத்தைப் படிக்க இங்கே ஆள் இருக்காது, ஒப்பந்தத்துக்கு வேறொரு செயலாளர் கையெழுத்துப் போடுவார், செசிலியும் தப்பிப்பாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக, யாரும் புகாரில் எழுதிக் கொடுக்காத ஒரு சொல்லை அவளே சொன்னாள்.

"லோத்சம்."

"உறுதிசெய்யப்பட்டது," என்றது காற்றாளி. "விதிப்படி அவ்வகை மூலம் அனைத்துக்கும் பொருந்தும்."

பாசித்தொட்டிகள் வடிவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

வெண்மேட்டில் பிள்ளைகள் நீங்கலாகப் பெரியவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டவர்கள் அறுநூற்றுப் பதினொரு பேர். அன்று மாலையே வண்டிகள் கதவு கதவாக வந்து நின்றன. பெட்டியும் படுக்கையும் பிள்ளைகளுமாக ஏறிக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து போவதால் அவ்வளவு வருத்தம் தெரியவில்லை. இருநூற்றுப் பதினாலில் வண்டி நின்றபோதுதான் வடிவு ஓடினாள்.

செசிலி கேட்டது வேறு என்று காற்றாளியிடம் வாதாடினாள். அவள் ஊர்ப் பாசத்தில் கேட்டாள், தன் பக்கத்து மனுஷி ஒருத்தி கிடைக்க மாட்டாளா என்று கேட்டாள். நீலமேகம் கேட்டது அப்படியில்லை.

"சொற்கள் ஒன்றே," என்றது காற்றாளி. "வேறுபாடு இருக்கலாம். எனக்கு அது விளங்காது. அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். செசிலி அவர்களின் கேள்விக்கு உரிய சொல்லைப் பட்டியலிலிருந்து சொல்லவும்."

வடிவு அன்பிளசன்ட்டில் தொடங்கி அபாமினபிள் வரை மனதுக்குள் ஓடிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். ஒன்பதில் ஒன்றும் அதற்கு ஆகவில்லை. ஆறு வாரம் பயிற்சி கொடுத்தவர்கள் இப்படி ஒரு தேவை வரும் என்று நினைக்கவில்லை. செசிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வீடுகள் காலியான உள்வட்டத்தில் வடிவு தனியாக இருந்தாள். கையெழுத்துப் போடச் சங்கமே இல்லாததால் ஒப்பந்தத்தைக் காற்றாளியே புதுப்பித்தது. ஆள் எங்கே இருக்கிறதோ அங்கேதானே வெப்பமும் அழுத்தமும் தேவை? கணக்குப்படி காற்றாளி இரண்டையும் வெளிவட்டத்துக்குத் திருப்பிவிட்டது; காற்றுச் சுற்றையும் அதுவரை நீட்டியது. கொட்டகைகள் கதகதப்பாயின. துளைப்பானை வேறிடத்துக்கு மாற்றினார்கள். செசிலிக்கு அங்கே பெண் குழந்தை பிறந்தது, மூன்றே கால் கிலோ, ஒரு குறையும் இல்லை. உள்வட்டத்தில் குளிர் ஏறியது. வடிவு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மொட்டைக் கதவுகளுக்கு நடுவே, முகர ஒன்றுமில்லாத காற்றை முகர்ந்துகொண்டு நடந்தாள்.

வெளிவட்டச் செய்திகள் காற்றாளியின் பதிவேட்டில் வரும். போன முதல் நாளே அவர்கள் கொட்டகையில் குவிந்து கிடந்த பெயர்ப் பலகைகளைக் கண்டார்கள். படுக்கை விரிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் குவியலில் தேடித் தன் பலகையை எடுத்துத் துடைத்துக் கதவில் மாட்டினார்கள். வடிவின் பலகை மட்டும் மிஞ்சியதாம். நீலமேகம் ஒருமனதாகச் செயலாளர் ஆனார். வெளிவட்டம் என்ற பெயர் மரியாதையாக இல்லை என்று 'பரந்த வட்டம்' என்று மாற்றினார்கள்.

நாற்பதாம் நாள் புகார் வந்தது. மூன்று கையெழுத்து, ஒரே சொல். வடிவு காபி இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு படித்தாள்.

"உள்வட்டத்திலிருந்து தாங்க முடியாத கருவாட்டு வாடை வருகிறது. லோத்சம். மேற்படி வட்டத்தில் தனியாக வசிக்கும் நபர், ஏரல் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகள் என்று நம்பத்தகுந்த இடத்திலிருந்து தெரியவருகிறது. ஆவன செய்ய வேண்டுகிறோம்."

முதல் கையெழுத்து நீலமேகம். இரண்டாவது மருத்துவர் குலசேகரன். மூன்றாவது எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து: ரா. செசிலி.

வடிவு பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். முந்தின நாள் நீலமேகம் குழந்தையைப் பார்க்க இனிப்போடு செசிலி வீட்டுக்குப் போயிருந்தார். உட்கார்ந்திருந்தார். அவள் கையால் காபி வாங்கிக் குடித்திருந்தார். 'சிஸ்டர்' என்று நாலு தடவை அழைத்திருந்தார். அந்தத் தாளை நீட்டியபோது அவள் அதிகம் யோசிக்கவில்லை. "ஆமா சார், எனக்கும் ஒரு மாதிரி குமட்டிக்கிட்டுதான் இருந்துச்சு," என்று சொன்னதாகப் பதிவாகியிருந்தது. "அதுக்கு இங்கிலீஷ்ல என்ன போடணும்?"

"மோப்ப அலுவலர் அவர்களே," என்றது காற்றாளி. "நேரில் முகர்ந்து சொல்லை உறுதிசெய்யவும். எட்டாவது சொல்லை உறுதிசெய்தால் நீங்கள் வெளிவட்டத்துக்கு அனுப்பப்படுவீர்கள். அங்கே தற்போது வெப்பம் இருபத்து நாலு பாகை. உங்கள் பெயர்ப் பலகையும் அங்கேதான் இருக்கிறது."

வடிவு புறங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கம்பளி நூல். சோப்பு. எட்டு வருடமாகத் தேய்த்த சோப்பு. அதற்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். அங்கே சூடு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், பச்சைக் குழந்தை இருந்தது. அறுநூற்றுப் பதினொரு பேர் அந்த ஒரு கேள்வியோடும் இருந்தார்கள். இப்போது பதிலையும் அவர்களே வைத்திருந்தார்கள்.

காபி வந்தது. இயந்திரத்தின் நெற்றியில் பலகை எரிந்தது. இப்போதெல்லாம் படிக்க வேறொன்றும் இல்லாததால் அவள் தினமும் அதைப் படித்தாள். "இன்றைய நீர்: முதல் வரிசை, ஒன்பதாம் எண் வீடு." அது அவளுடைய வீடு. ஒரு வாய் குடித்தாள். எல்லோருடைய நீரும் கலந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

"அன்பிளசன்ட்," என்று உறுதிசெய்தாள்.

முதல் சொல்லுக்கு உரிய நடவடிக்கையைக் காற்றாளி உடனே எடுத்தது. உள்வட்டத்து விசிறிகள் இரண்டு சுற்று வேகம் கூடின. வடிவு விட்ட மூச்சு, நாற்பது நிமிடத்துக்குப் பதிலாக முப்பத்தைந்தே நிமிடத்தில் வெளிவட்டம் போய்ச் சேர்ந்தது. அங்கே எல்லோரும் அதை நெஞ்சு நிறைய இழுத்து விட்டுக்கொண்டே, கதவில் மாட்டிய பலகையைத் துடைத்தபடி, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: நீங்க இந்த வட்டத்துல எந்தப் பக்கம்?